ஆடியில் விதைத்தது ஐப்பசியில் குவியும்போது: வீட்டுத் தோட்டத்துக் காய்கறி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக்குப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் 5 சென்ட் தோட்டம். என் அண்ணி வீடு மேலே ஏற்காட்டில்; 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் சௌசௌ பந்தலும் பீன்ஸ் கொடியும் இருக்கும். ஆடிப் பதினெட்டு முடிந்து போட்ட விதை புரட்டாசியில் கைக்கு ரெண்டு, மூணு என்று காய்க்கத் தொடங்கி, ஐப்பசி வந்ததும் கூடை கூடையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாரங்களில் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் போன் போட்டுக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எல்லாக் காயும் ஏன் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது?

எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டால் அப்படித்தான். வெண்டை 45 நாளில் காய்க்கும், பீர்க்கையும் புடலையும் ரெண்டு மாதத்தில் வரும், அரசாணி (மெட்ராஸ் பக்கத்து உறவினர்கள் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி என்று சொல்வது) முற்ற மூன்று மாதம் ஆகும். முன்னால் வந்தவை காய்த்து ஓயாமல் இருக்கும்போதே பின்னால் வருவதும் சேர்ந்துகொள்ளும். வெண்டையையும் கொத்தவரையையும் 15 நாள் இடைவெளி விட்டு ரெண்டு தடவையாகப் போட்டுப் பாருங்கள். பீர்க்கை நாலு பேர் வீட்டுக்கு ரெண்டு கொடி போதும். நான் வருஷா வருஷம் ஆறு குழி போட்டுவிட்டு இதைச் சொல்கிறேன், அது வேறு விஷயம்.

கூடையைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

என்ன சமைக்கலாம் என்று யோசிக்காதீர்கள். எது முதலில் கெடும் என்று பாருங்கள். மற்ற எல்லாமே அதிலிருந்து தானாக வரும்.

கீரைக்கு ஒரு நாள். பறித்த அன்று கடைந்துவிட வேண்டும். மறுநாள் வேண்டுமென்றால் வேரோடு பிடுங்கி, வேரை மட்டும் ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம். வெண்டை, பீர்க்கை, புடலைக்கு ரெண்டு மூன்று நாள். கத்தரிக்கு நாலு நாள், அதற்குள் காம்பு வாடி, தோல் பளபளப்பு போய்விடும். பழுத்த தக்காளி வெடிக்காமல் இருந்தால் நாலைந்து நாள். கொத்தவரையும் பீன்ஸும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம். பிஞ்சுச் சுரை ஒரு வாரத்துக்கு மேல் போகும். சௌசௌ ரெண்டு மூன்று வாரம் சும்மா கிடக்கும். முற்றிய அரசாணியும் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணியும் பொங்கல் வரை காத்திருக்கும்.

ஆகவே அரசாணியை இன்றைக்கே வெட்டாதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். பெரிதாக இருக்கிறதே, கண்ணை உறுத்துகிறதே என்று அதை வெட்டி நாலு நாள் சமைத்துக்கொண்டிருப்போம். அதற்குள் கூடை அடியில் இருந்த வெண்டை நாராகிப் போயிருக்கும்.

இன்னொன்று: பறித்ததும் கழுவாதீர்கள். மழை ஈரம் இருந்தால் பழைய வேட்டியில் பரப்பி, ஃபேன் காற்றில் உலர விட்டுப் பிறகு எடுத்து வையுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றுக்கும் 10 டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது. ஃபிரிட்ஜில் உள்ளே தள்ளி வைத்தால் கத்தரியில் பள்ளம் பள்ளமாக விழும், தக்காளி மணமே இல்லாமல் சப்பென்று ஆகும். கீழ்த்தட்டு டப்பாவில், துணிப்பையில் போட்டு வைத்தால் ஓரளவு தாங்கும்.

மிஞ்சினதை வத்தல் போட்டு வைத்துவிடலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

வத்தலுக்கு மாசி, பங்குனி, சித்திரை வெயில் வேண்டும். சேலத்து வெயில் அந்த மூன்று மாதம் போடுகிற போடில் கொத்தவரங்காய் மூன்றே நாளில் கையில் எடுத்தால் சலசலக்கும். ஐப்பசியில் காலையில் பளிச்சென்று அடிக்கும், மத்தியானம் ஏற்காட்டு மலை மேல் கருக்கும், நாலு மணிக்குக் கொட்டும். கல்யாணமான ரெண்டாம் வருஷம் நான் அந்தக் காலை வெயிலை நம்பி மூன்று கிலோ கொத்தவரங்காயை உப்புப் போட்டு வேகவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். முதல் நாள் அரைக்காய்ச்சல். ரெண்டாம் நாள் தூறல், அள்ளி வந்து கூடத்தில் பரப்பினேன். நாலாம் நாள் காலையில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது; திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சைப் பூத்திருந்தது. “ஐப்பசி வெயிலை நம்பி வத்தல் போடறவ நீ ஒருத்திதான் கண்ணு” என்றார் என் மாமியார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் இன்றுவரை யார் வந்தாலும் அந்தக் கதை வரும்.

பூஞ்சை பிடித்ததைத் துடைத்துவிட்டு மறுபடி காயவைத்து எண்ணெயில் பொரித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூஞ்சை விட்ட நஞ்சு பொரித்தாலும் போகாது. குப்பைக் குழிதான் அதற்கு இடம்.

மோர் மிளகாய் மட்டும் விதிவிலக்கா என்பார்கள். அதுவும் இல்லை. மிளகாயைப் பழுக்க விடுங்கள், பழமிளகாயைத் தொக்காக அரைத்துக்கொள்ளலாம்.

மழை பெய்ததும் தக்காளி வெடிக்கிறதே, மருந்து அடிக்கணுமா?

நோய் இல்லை அது. சில நாள் காய்ச்சலுக்குப் பிறகு திடீரென்று மழை கொட்டினால் வேர் தண்ணீரை வாரி இழுக்கும். சதை வீங்குகிற வேகத்துக்குத் தோல் விரியாது, காம்பைச் சுற்றி வட்டமாகவோ நெடுக்காகவோ கீறிவிடும். வானம் கருத்தால், அடிப்பக்கம் லேசாக இளஞ்சிவப்பு தட்டிய காய்களைப் பறித்துக் கொண்டுவந்துவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே நன்றாகப் பழுக்கும். வெடித்தவற்றை அன்றைக்கே சட்னிக்கோ ரசத்துக்கோ எடுத்துவிட வேண்டும். ராத்திரிக்குள் அந்தக் கீறலில் ஈ மொய்க்கும்.

தக்காளித் தொக்கு கெடாமல் இருக்க எவ்வளவு நேரம் கிளற வேண்டும்?

நேரக் கணக்கு சொன்னால் தப்பாகிவிடும், தக்காளியில் இருக்கிற தண்ணீரைப் பொறுத்தது. மழைக்காலத் தக்காளி கோடைத் தக்காளியை விட நீர்ப்பாங்கு. அதனால் சமையல் குறிப்பில் போட்டிருப்பதை விட அதிக நேரம் ஆகும்.

2 கிலோ தக்காளிக்கு 200 மில்லி நல்லெண்ணெய், பெரிய எலுமிச்சை அளவு புளி, நாலு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், ரெண்டரை மேசைக்கரண்டி கல்லுப்பு. வெந்தயமும் கடுகும் ஒவ்வொரு டீஸ்பூன், வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தது. தக்காளியை நறுக்கி, புளியோடு சேர்த்துத் தண்ணீர் விடாமல் வேகவைத்து, ஆறியதும் அரைத்துக்கொள்ளுங்கள். அகலமான அடிகனத்த சட்டியில் பாதி எண்ணெய் ஊற்றி, கடுகு வெடிக்க விட்டு, விழுதைக் கொட்டுங்கள். உப்பும் தூளும் அப்போதே.

முதலில் சளசளவென்று கொதிக்கும். பிறகு கெட்டியாகக் கெட்டியாகப் பொத்துப் பொத்தென்று வெடித்துத் தெறிக்கும். புறங்கையில் பட்டால் எரியும், நீளக் கரண்டி போட்டுக்கொள்ளுங்கள். மீதி எண்ணெயை அப்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கரண்டியால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் உடனே வந்து மூடாமல் நிற்க வேண்டும், அந்தக் கோட்டின் ஓரத்தில் எண்ணெய் தனியாக ஊற வேண்டும். அங்கே இறக்கி வெந்தயப் பொடியைத் தூவலாம். நாலில் ஒரு பங்குக்கு மேல் கொஞ்சம்தான் மிஞ்சும். இவ்வளவு தக்காளிக்கு இவ்வளவுதானா என்று வீட்டில் கேட்பார்கள். நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி போடுகிற ஆள் வீட்டில் இருந்தால் சின்னச் சின்ன பாட்டிலாக.

செடி சாய்ந்துவிட்டது, பச்சைத் தக்காளி ஒரு வாளி இருக்கிறது.

முக்கால்வாசி வளர்ந்து வெளிர்பச்சை ஆனவற்றைக் காகிதப்பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு அவற்றைப் பழுக்க வைத்துவிடும். சின்னதாகக் கெட்டிப் பச்சையாக இருப்பவை பழுக்காது; பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வையுங்கள், அல்லது நிலக்கடலை வறுத்துச் சேர்த்துச் சட்னி அரையுங்கள். புளி வேண்டியதில்லை.

அரசாணிக்காய் ஒரு மாதத்திலேயே அழுகிவிடுகிறது. உங்கள் வீட்டில் மட்டும் எப்படிப் பொங்கல் வரை இருக்கிறது?



காம்பைப் பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கி, அது உடைந்து வந்திருந்தால் அந்தக் குழிதான் அழுகலுக்கு வாசல். கத்தியால் ரெண்டு மூன்று அங்குலக் காம்பு விட்டு அறுத்து, காயின் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி. முற்றிவிட்டதா என்று பார்க்க நகத்தால் அழுத்தினால் போதும். நகம் இறங்கினால் இன்னும் பிஞ்சு, அதைச் சேர்த்து வைக்க முடியாது, இந்த வாரமே சமையுங்கள்.

கழுவக் கூடாது. வெறுந்தரையில், முக்கியமாக சிமென்ட் தரையில் வைக்கக் கூடாது. அடியில் வேர்த்து மெத்தென்று ஆகிவிடும். பானைக்கு வைக்கிற வைக்கோல் பிரிமனை இருந்தால் அதன் மேல், இல்லையென்றால் பழைய சாக்கைச் சுருட்டி வட்டமாக வைத்து அதன் மேல். ஒன்றோடு ஒன்று உரசாமல் வைத்து, வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அவைதான் குடியிருப்பு. புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது திடுக்கிடுவார்கள்.

சரி, வெட்டியாகிவிட்டது. 6 கிலோ அரசாணியை யார் சாப்பிடுவது?

பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். மீதியில் விதையை வழித்தெடுத்துவிட்டு, வெட்டிய பக்கத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் இருக்கும். பொரியலுக்குத் தோலோடு பெரிய துண்டாக நறுக்கி, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடி வேகவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பூவும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும். குழைந்துபோனால் விட்டுவிடுங்கள், ராகிக் களிக்கு அதுவே நன்றாக இருக்கும். விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி வறுத்துக் கொறிக்கலாம்.

கொடியில் இன்னும் பூ இருந்தால் ஆண் பூவை பஜ்ஜி போடலாம். பூவுக்குக் கீழே குட்டிக்காய் இல்லாமல் நீளக் காம்பாக இருப்பது ஆண் பூ. தேனீ வந்து போக நாலைந்தை விட்டுவையுங்கள்.

தினமும் கத்தரிக்காயா என்று வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

கத்தரிக்காய் மேல் குற்றமில்லை, அதையே எண்ணெயில் வதக்கி வதக்கிப் போடுவதுதான் குற்றம். தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு வையுங்கள். பயறை வாசம் வர வறுத்து, மலரும் பதத்துக்கு வேகவையுங்கள். சின்ன வெங்காயம், மல்லி, சீரகம், மிளகாய் வதக்கி, ஒரு கைப்பிடித் தேங்காயோடு அரைத்துக்கொண்டு, கத்தரியும் தக்காளியும் பாதி வெந்ததும் பயறையும் மசாலாவையும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். புளி கொஞ்சமே. மழை நாளில் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால், முகம் சுளித்தவரே ரெண்டாம் தடவை கேட்பார். மறுநாள் காலை அதே குழம்பு இட்லிக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

காயில் புழு ஓட்டை இருந்தால் முழுதாக எறியாதீர்கள். மருந்தடிக்காத தோட்டத்தில் பாதிக் காயில் ஓட்டை இருக்கத்தான் செய்யும். அந்தப் பக்கத்தை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைக் கடைசலுக்கு எடுங்கள்.

வெண்டை, பீர்க்கை கவனிக்காமல் முற்றிவிட்டது.

வெண்டை நுனி ஒடியாமல் வளைந்தால் சமையலுக்கு ஆகாது, செடியிலேயே விதைக்கு விட்டுவிடுங்கள். பீர்க்கையும் அப்படியே காய்ந்தால் உள்ளே நார்க்கூடு கிடைக்கும். முதுகு தேய்க்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். பிஞ்சுப் பீர்க்கை என்றால் தோலை எறியாதீர்கள். உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்து, தோலை நெய்யில் சுருள வதக்கி, துவையல் அரையுங்கள். சதையை விட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

சுரைக்காய் கசக்கிறது. வேகவைத்தால் போய்விடுமா?

போகாது. சுரை, பீர்க்கை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் சில காய்களில் குக்குர்பிடாசின் என்ற கசப்புப் பொருள் கூடிவிடும். வேகவைத்தாலும் அது அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்த வாந்தி வரை கொண்டுபோகும். நறுக்கும்போதே ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். காசு கொடுத்து வாங்கியதா, சொந்தத் தோட்டமா என்று பார்க்க வேண்டாம். பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாகற்காய்க் கசப்பு வேறு கதை, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

மேலே இருந்து ஒரு மூட்டை சௌசௌ வந்திருக்கிறது…

எனக்கும்தான். அண்ணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பிறகுதான் போன் செய்வார். ஏற்காட்டுக் குளிருக்கு அந்தக் கொடி பந்தலை விட்டு இறங்காது. மெக்சிகோப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி மலையில் ஊன்றிக்கொண்ட மாதிரி இதுவும் ஊன்றிக்கொண்டது.

தோல் சீவும்போது வருகிற பால் கையில் பிசின் மாதிரி இறுகும், சிலருக்கு அரிக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்துச் சீவுங்கள். தோலைத் துவையலுக்கு வையுங்கள். கடலைப்பருப்புக் கூட்டு, மோர்க்குழம்பு, சாம்பார் எல்லாவற்றுக்கும் இது வளைந்துகொடுக்கும், தனக்கென்று பெரிய ருசி கிடையாது. காயின் வாயில் முளை எட்டிப் பார்த்தால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் விதை காய்க்குள்ளேயே முளைக்கும். முழுக்காயையே சாய்த்து நட்டால் கொடி வரும். கொடியின் கொழுந்தையும் கீரை மாதிரிப் பொரிக்கலாம் என்பது மலைமேல் கற்றுக்கொண்டது.

ஃப்ரீசரில் வைக்கலாமா? பாட்டிலில் அடைக்கலாமா?

ஃப்ரீசர் சரி. பீன்ஸை நறுக்கிக் கொதிநீரில் 3 நிமிடம், கேரட் வில்லைகளை 2 நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்திப் பிறகு பையில் கட்டுங்கள். அப்படியே பச்சையாக வைத்தால் நாளடைவில் நிறமும் ருசியும் போய்விடும். கரண்ட் நெடுநேரம் போய் உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வேகவைத்து இறுக மூடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பீன்ஸ், கேரட், பூண்டு இவற்றை அடைத்து வெளியில் வைக்காதீர்கள். புளிப்பில்லாத காய்களில், காற்றில்லாத பாட்டிலுக்குள், சாதாரணக் கொதிநிலைக்குச் சாகாத கிருமி வளர்ந்து நஞ்சு விடும். பார்வையிலும் வாசனையிலும் தெரியாமலே போகலாம்.

குழந்தைகள் பீட்ரூட், கேரட்டைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? தட்டுவடை செட் போடுங்கள். பீட்ரூட், கேரட், வெங்காயம் மூன்றையும் துருவி, ஒரு தட்டுவடையில் பூண்டு மிளகாய்ச் சட்னி, இன்னொன்றில் புதினா மல்லிச் சட்னி தடவி, நடுவில் துருவலை வைத்து, எலுமிச்சை பிழிந்து மூடிக் கொடுங்கள். உடைந்த தட்டுவடையை நொறுக்கலாகப் பிசைந்து கொடுங்கள். பொரியலாக வைத்தால் மூன்று நாள் கிடக்கிற பீட்ரூட் இப்படி ஒரு சாயங்காலத்தில் காலியாகும்.

தீபாவளிக்கு ஏதாவது?

வெள்ளைப் பூசணியில் காசி அல்வா. துருவிப் பிழிந்த சதையை முதலில் அதன் ஈரத்திலேயே கண்ணாடி மாதிரி வேகவிட்டுப் பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும், முன்னாலேயே போட்டால் துருவல் விறைத்துக்கொள்ளும். பிழிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? விற்கலாமா?

புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள். அந்த மாதம் தெருவில் பாதி வீட்டில் கவுச்சி கிடையாது, சனிக்கிழமை தளிகை வேறு. காய் என்றால் வாசலில் வைத்தே வாங்கிக்கொள்வார்கள். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு கறிக்கடையில் வரிசை நிற்கும், அன்றைக்குச் சுரைக்காயோடு போனால் கதவே திறக்காது. கொடுக்கும்போது முற்றலைத் தள்ளிவிடாமல் நல்லதாகக் கொடுங்கள், அளவாகக் கொடுங்கள். வாங்கினவர் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது வெறுமையாகத் தர மாட்டார். போன வருஷம் எனக்கு ரெண்டு பீர்க்கங்காய்க்கு ஒரு டப்பா ரவா லட்டு வந்தது.

உழவர் சந்தையில் கடை போட விவசாயி அடையாள அட்டை வேண்டும், 5 சென்ட் வீட்டுத் தோட்டத்துக்கு அது சரிப்படாது. தெருமுனைக் கீரைக்கார அம்மாவிடம் கொடுத்தால் அவர் விற்றுக்கொள்வார். நான் அப்படித்தான் செய்கிறேன், பதிலுக்குக் கொத்தமல்லி வரும்.

விதை எடுத்து வைக்க வேண்டுமா?

நாட்டு ரகம் என்றால் எடுங்கள். ஒட்டு ரக விதையிலிருந்து அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. தக்காளி விதையைச் சாற்றோடு ரெண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், தட்டில் பரப்புங்கள். கத்தரி, வெண்டை விதையை நன்றாகக் காய்ந்தபின் அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்தால் பூச்சி அண்டாது. கசந்த சுரைக் கொடியிலிருந்து மட்டும் ஒரு விதை கூட எடுக்காதீர்கள்.

செடிகளை எப்போது பிடுங்குவது?

வெண்டையைக் கார்த்திகையில் பிடுங்கிவிடலாம். கத்தரியைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, ஒரு கூடை எரு வைத்தால் மறுபடி தழைக்கும். பந்தலைப் பிரிக்காதீர்கள். பீர்க்கைக் கொடி வாடுகிற அதே பந்தலில்தான் ஆடியில் போட்ட கொடி அவரை ஏறிக்கொண்டிருக்கும்; குளிர் இறங்கினால்தான் அது பூக்கும். எங்கள் வீட்டில் நேற்றுதான் முதல் ஊதாப்பூ கண்ணில் பட்டது. மார்கழி முழுக்க இனி அவரைக்காய்தான், அதற்கும் போன் வரும்.